யுபிஎஸ் யுஎஸ்பியில் தெரியுது, ஆனால் நட் பிடிக்குதில்லை (டெபியன் 12)

வடலி, கோண்டாவில்:

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி வேணும்.

ரியூட்டரி ஒன்றில் பழைய கொம்பியூட்டருக்கு டெபியன் 12 லினக்ஸ் போட்டு, வகுப்புக் காணொளிகளையும் பிள்ளைகளின் புள்ளிப் பதிவுகளையும் அதில் வைத்திருக்கிறம். திரை, விசைப்பலகை ஒன்றும் இல்லை. அதுக்கு 650 விஏ லைன் இன்ரராக்ரிவ் யுபிஎஸ் ஒன்று, உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பற்றரி ஒன்று. பின்பக்கம் பிரின்ரர் கேபிள் போடுற மாதிரிச் சதுர யுஎஸ்பி வாய் இருக்குது. பெட்டியோட வந்த சீடியில் விண்டோசுக்கு மட்டும்தான் மென்பொருள். லினக்சுக்கு டிரைவர் எங்க தேடியும் இல்லை.

கரண்ட் போய்ச் சில நிமிடத்தில் சேர்வர் ஒழுங்காக அணைய வேணும், கரண்ட் வந்ததும் தானாக எழும்ப வேணும். இரவில் அங்கே ஆளில்லை. இப்ப பற்றரி முடியுமட்டும் ஓடிப்போட்டுப் பட்டென்று நிக்குது. போன கிழமை அப்படி நின்றதில் டேட்டாபேஸ் கோப்பு ஒன்று பழுதாப் போச்சு.

இதுவரை பார்த்தது: கேபிளைச் செருகினால் டிமெஸ்ஜியில் (லினக்சின் செய்திப் பதிவில்) "லோ-ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ் நம்பர் 7" என்று வருது, வென்டர் 0665, புரொடக்ட் 5161. அடுத்த வரியில் ஹிட்-ஜெனரிக் என்றும் ஹிட்ரோ0 என்றும் இருக்குது. எல்எஸ்யுஎஸ்பி போட்டால் "சைப்ரஸ் செமிகொண்டக்டர், யுஎஸ்பி டு சீரியல்" என்று பெயர் காட்டுது. ஆனால் ரிரிவை யுஎஸ்பி0 என்று சீரியல் வாய்க்கான கோப்பு ஒன்றும் உருவாகேல்லை. நட் (யுபிஎஸ்ஸைக் கவனித்துச் சேர்வரை அணைக்கிற மென்பொருள்) நிறுவி, ஹிட் என்று வந்தபடியால் யுஎஸ்பிஹிட்-யுபிஎஸ் டிரைவரைப் போட்டன். "நோ மேட்சிங் ஹிட் யுபிஎஸ் ஃபவுண்ட்" என்று சொல்லிப்போட்டு நிக்குது.

யுஎஸ்பி டு சீரியல் சிப்புக்குத் தனி டிரைவர் தொகுக்க வேணுமோ? இல்லையெண்டால் யுபிஎஸ்ஸையே மாத்தவேணுமோ?


பனங்கூடல், திருநெல்வேலி:

வடலி, ஒன்றும் மாத்த வேண்டாம். 0665:5161 என்ற எண் வந்தாலே பாதி வேலை முடிஞ்சுது. சந்தையில் பல பெயரில் விற்கிற குறைந்த விலை யுபிஎஸ்களுக்குள்ளே இருக்கிறது அதே சிப்தான், நட் அதை நன்றாகவே அறியும். நீங்கள் எடுத்த டிரைவர்தான் பிழை.

அந்தப் பிழை ஏன் வருது என்று விளங்கினால் மற்றதெல்லாம் லேசு. யுபிஎஸ்ஸின் உள்பலகை பேசுறது பழைய சீரியல் மொழி, மெகாடெக் அல்லது கியூ1 என்பார்கள். முன்னுக்கு நிற்கிற சைப்ரஸ் சிப், கேணலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு) தன்னை ஒரு ஹிட் கருவி, அதாவது விசைப்பலகை, மவுஸ் வகை என்று அறிமுகப்படுத்துது. அதனால்தான் விண்டோசும் லினக்சும் தனி டிரைவர் கேட்காமல் அதைச் சேர்த்துக்கொள்ளுது. அதே காரணத்தால் ரிரிவை கோப்பும் உருவாகாது. யுஎஸ்பிஹிட்-யுபிஎஸ் எதிர்பார்க்கிறது உண்மையான ஹிட் பவர் டிவைஸ் அட்டவணையை, ஏபிசி, ஈட்டன் போன்றவற்றின் பெரும்பாலான மாதிரிகள் தருகிறது அது. உங்களுடையதில் அந்த அட்டவணையே இல்லை. ஹிட் உறைக்குள்ளே சீரியல் கடிதம்தான் போய் வருது.

ஆகவே கேணல் டிரைவர் எதுவும் தொகுக்கத் தேவையில்லை. நட்டின் டிரைவர்கள் கேணலுக்கு வெளியே, லிப்யுஎஸ்பி வழியாக ஓடுபவை. உங்களுக்கு வேண்டியது நட்டிஆர்வி_கியூஎக்ஸ். பழைய கட்டுரைகளில் பிளேசர்_யுஎஸ்பி என்று கண்டால் அதன் இடத்துக்கு வந்ததுதான் இது, புதிதாகப் போடுபவர் இதையே போடவேணும்.

கட்டளைகளை வாயால் சொல்லுற மாதிரியே எழுதுறன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கோ, பெரிய எழுத்து வேண்டிய இடத்தைச் சொல்லுறன்.

/ஈடிசி/நட்/யுபிஎஸ்.கொன்ஃப் கோப்பில் இருக்கிற பழைய பகுதியை எடுத்துப்போட்டு இதை எழுதுங்கோ:

[யுபிஎஸ்1]
டிரைவர் = நட்டிஆர்வி_கியூஎக்ஸ்
போர்ட் = ஓட்டோ
வென்டர்ஐடி = 0665
புரொடக்ட்ஐடி = 5161
சப்டிரைவர் = சைப்ரஸ்
புரொட்டோகோல் = மெகாடெக்
போல்இன்டர்வல் = 5

சேவையை நிறுத்திவிட்டு முதலில் கையால் ஓட்டிப் பாருங்கோ: சூடோ /லிப்/நட்/நட்டிஆர்வி_கியூஎக்ஸ் -ஏ யுபிஎஸ்1 -டிடிடி -யு ரூட். இங்கே டி மூன்றும் பெரிய எழுத்து. திரையில் ஓடுகிற வரிகளுக்குள்ளே இப்படி ஒன்று வரவேணும்:

(226.0 226.0 226.0 025 50.0 13.5 25.0 00001001

இந்த ஒரு வரிக்குள்ளே எல்லாம் இருக்குது. முதலாவது, உள்ளே வருகிற வோல்ட். இரண்டாவது, கடைசியாகக் கோளாறு நடந்தபோது இருந்த வோல்ட். மூன்றாவது, வெளியே போகிறது. பிறகு சுமை 25 சதவீதம், அதிர்வெண் 50 ஹேர்ட்ஸ், பற்றரி 13.5 வோல்ட், வெப்பநிலை. வெப்பநிலை எப்பவும் 25.0 என்றே நின்றால் நம்பவேண்டாம். உணரி இல்லாத பலகைகள் மாறாத எண் ஒன்றைத்தான் அனுப்பும்.

கடைசி எட்டு இலக்கங்களை இடமிருந்து வாசியுங்கோ: கரண்ட் போச்சா, பற்றரி குறைவா, வோல்டைக் கூட்டிக் குறைக்குதா, யுபிஎஸ் பழுதா, ஸ்டான்ட்பை வகையா, சோதனை நடக்குதா, அணைப்புக் கட்டளை ஓடுதா, பீப் சத்தம் திறந்திருக்கா. மேலே இருக்கிறதில் ஐந்தாவதும் எட்டாவதும் 1. அதாவது ஸ்டான்ட்பை வகை (உங்கட லைன் இன்ரராக்ரிவும் இதுக்குள்ளேதான் வரும்), பீப் திறந்திருக்குது, வேறு பிரச்சினை இல்லை. கரண்டை நிறுத்தினால் முதல் இலக்கம் 1 ஆகி 10001001 என்று வரவேணும். அது மாறினால் தொடர்பு சரி.

"டிவைஸ் நொட் சப்போட்டட்" என்று வந்தால் புரொட்டோகோல் வரியை மட்டும் எடுத்துவிடுங்கோ, டிரைவர் தானாக ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கும். அதுக்கும் மசியாவிட்டால் புரொட்டோகோல் இடத்தில் வோல்ட்ரொனிக்-கியூஎஸ் அல்லது கியூ1 போட்டுப் பார்க்கலாம்.


வடலி:

நன்றி அண்ணா! கையால் ஓட்டினால் அந்த வரி அப்படியே வருது, சுவிச்சை அணைச்சால் 1 ஆகுது. ஆனால் சேவையாகத் தொடங்கினால் "இன்சஃபிஷியன்ட் பெர்மிஷன்ஸ்". ஒருக்கால் "ரிசோர்ஸ் பிசி" என்றும் வந்தது. நிலையைப் பார்க்க யுபிஎஸ்சி யுபிஎஸ்1 என்ற கட்டளையைப் போட்டால் "டிரைவர் நொட் கனெக்டட்".


செம்மண், சுன்னாகம்:

இரண்டும் இரண்டு காரணம், வடலி.

ரூட் பயனராக ஓடினது, நட் பயனராக ஓடாதது: இது யுடெவ் விதி, அதாவது செருகுகிற கருவியை எந்தப் பயனர் தொடலாம் என்று சொல்லுகிற விதி. நட் பொதியோடேயே 62-நட்-யுஎஸ்பியுபிஎஸ்.ரூல்ஸ் என்ற கோப்பு வருது, அதில் 0665:5161 ஏற்கெனவே இருக்குது. ஆனால் விதி பொருந்துகிறது கருவி செருகப்படும் நேரத்தில். யுபிஎஸ் முதலில் செருகியிருந்து, பிறகு நட்டை நிறுவியிருப்பீர்கள். சூடோ யுடெவ்அட்ம் கொன்ட்ரோல் --ரீலோட்-ரூல்ஸ் போட்டுவிட்டு, யுஎஸ்பி கேபிளைக் கழற்றிப் பத்து வினாடி விட்டுத் திரும்பச் செருகுங்கோ. புதிய டிவைஸ் நம்பரை எல்எஸ்யுஎஸ்பியில் பாருங்கோ. பஸ் 001, டிவைஸ் 008 என்று வந்தால் எல்எஸ் -எல் /டெவ்/பஸ்/யுஎஸ்பி/001/008 போடுங்கோ. உரிமையாளர் ரூட், குழு நட் என்று இருக்கவேணும். குழுவும் ரூட் என்றே இருந்தால் விதி பொருந்தேல்லை என்று அர்த்தம். அப்போது வேறு எதையும் தோண்ட முதல் கோப்புக்குள்ளே உங்கள் எண்கள் இருக்குதா என்று தேடுங்கோ.

"ரிசோர்ஸ் பிசி" என்றால் வேறொன்று கருவியைப் பிடித்துக்கொண்டிருக்குது. அநேகமாக நீங்கள் கையால் தொடக்கினது பின்னணியில் இன்னும் ஓடுது. சூடோ பிகில் நட்டிஆர்வி_கியூஎக்ஸ் போட்டு அதை நிறுத்துங்கோ. டெபியன் 12இல் நட் 2.8.0, அதில் ஒவ்வொரு யுபிஎஸ்ஸுக்கும் தனிச் சேவை, நட்-டிரைவர்@யுபிஎஸ்1 என்று பெயர். யுபிஎஸ்.கொன்ஃப் மாற்றினால் சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் நட்-டிரைவர்-எனுமரேட்டர் போட்டால்தான் அந்தச் சேவை புதுப்பிக்கும். இணையத்தில் கிடைக்கிற பழைய குறிப்பைப் பார்த்து யுபிஎஸ்டிஆர்விசிடிஎல் ஸ்டார்ட் என்று கையாலும் தொடக்கினால் இரண்டு பிரதி ஒரே கருவிக்கு அடிபடும்.

இன்னும் இரண்டு இடம் பார்த்துக்கொள்ளுங்கோ. நட்.கொன்ஃப் கோப்பில் மோட்=ஸ்டாண்ட்அலோன் (மோட் மட்டும் பெரிய எழுத்து) என்ற வரியில் சமன் குறிக்கு இருபக்கமும் இடைவெளி விடக்கூடாது. அந்தக் கோப்பை ஷெல் நேரே வாசிக்குது. யுபிஎஸ்மொன்.கொன்ஃப் கோப்பில் மொனிற்றர் வரியின் கடைசிச் சொல் 2.8இல் பிரைமரி. உபுண்டு 22.04இல் இருக்கிற 2.7.4இல் மாஸ்டர் என்று எழுதவேணும். வெவ்வேறு காலக் கட்டுரைகளைக் கலந்து எழுதினால் இங்கேதான் தடக்குப்படும்.

உங்களுக்கு இல்லை, இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு: யுபிஎஸ்ஸின் சீரியல் வாயில் சிஎச்340 மாற்றிக் கேபிள், அதாவது 1ஏ86:7523, பாவிப்பவர்கள் உபுண்டு 22.04இல் ரிரிவை யுஎஸ்பி0 தோன்றி உடனே மறைவதைக் காணலாம். பிரெய்ல் காட்சிக் கருவிக்கான பிஆர்எல்ரிரிவை அந்த எண்ணைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளுது. பிரெய்ல் கருவி பாவிக்காத இயந்திரத்தில் அந்தப் பொதியை நீக்கினால் சரியாகிவிடும்.


வடலி:

கேபிளைக் கழற்றிச் செருகினதோட சரி. குழு நட் என்று காட்டுது, ஸ்டேட்டஸ் ஓஎல் (கரண்டில் ஓடுது). ரொம்ப நன்றி!

இரண்டு சந்தேகம். ஒன்று, கரண்ட் போன உடனே பற்றரி 100இலிருந்து 65க்கு விழுது, கரண்ட் வந்ததும் கிட்டத்தட்டப் பழையபடி ஏறுது. பற்றரி பழுதோ? மற்றது, நாளுக்கு இரண்டு மூன்று தடவை "டேட்டா ஸ்டேல்" (தரவு பழசு) என்று பதிவில் வருது, தானாகவே போகுது.


பனங்கூடல்:

65 என்பது பழுது இல்லை, கணக்கு. இந்த வகை யுபிஎஸ் சதவீதம் சொல்லாது, வோல்ட் மட்டும் சொல்லும். டிரைவர் 12 வோல்ட் பற்றரிக்கு 13.0ஐ முழுசு என்றும் 10.4ஐ வெறுமை என்றும் எடுத்து இடையில் நேர்கோடு போடுது. சார்ஜாகும்போது 13.5, அது 100. சுமை விழுந்ததும் வோல்ட் உடனே 12.1க்கு இறங்கும். 12.1இலிருந்து 10.4ஐக் கழித்தால் 1.7, அதை 2.6ஆல் பிரித்தால் 65 சதவீதம். பற்றரியில் இருந்த சார்ஜ் இன்னும் பெரிசாகப் போகேல்லை, எண்தான் விழுந்திருக்குது.

இதை நம்பி "20 சதவீதத்தில் அணை" என்று வைத்தால் அணையாமலே சேர்வர் நின்றுபோகும். ஈய-அமிலப் பற்றரி 12.1இலிருந்து 11.3 மட்டும் மெதுவாக இறங்கும். அதுக்குப் பிறகு சரிவு. கொஞ்சம் வயசு போன பற்றரியில் 11இலிருந்து 10.4க்கு விழ அரை நிமிடம்கூடப் போகாது. யுபிஎஸ் "பற்றரி குறைவு" என்ற இரண்டாவது இலக்கத்தை உயர்த்துகிறதே அந்தச் சரிவுக்குள்ளேதான். அந்த நேரத்தில் ஷட்டவுன் தொடங்கினால், டேட்டாபேஸ் எழுதி முடிக்க முதல் கரண்ட் போய்விடும். உங்களுக்குப் போன கிழமை நடந்ததுக்கும் ஷட்டவுன் கட்டளை இருந்திருந்தாலும் இதே கதிதான்.

யுபிஎஸ்.கொன்ஃப்பில் ரன்டைம்கால் என்ற வரியைப் போட்டால் கணக்கு நேராகும். இரண்டு வேறு சுமையில் பற்றரி எத்தனை வினாடி தாங்குது என்று அளந்து எழுதவேணும், பெரிய சுமை முதலில்: ரன்டைம்கால் = 420,50,1080,25. அதாவது 50 சதவீதத்தில் 420 வினாடி, 25 சதவீதத்தில் 1080 வினாடி. எண்களை அப்படியே எடுக்காதீங்கோ, உங்கள் பற்றரியில் அளந்து போடுங்கோ. அளக்கிறதுக்குச் சேர்வரை யுபிஎஸ்ஸில் கொழுவ வேண்டாம். 60 வாட் இழைக் குமிழ்களை யுபிஎஸ்ஸில் போட்டு, சேர்வருக்குச் சுவரிலிருந்து நேரே கரண்ட் கொடுத்து, யுஎஸ்பி கேபிளை மட்டும் தொடர்பில் வையுங்கோ. எல்பி (பற்றரி குறைவு) என்று ஸ்டேட்டஸ் வரும் கணம்வரை எண்ணுங்கோ. வந்த எண்ணில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து எழுதுங்கோ, அடுத்த வருசத்துப் பற்றரி இந்த வருசத்துப் பற்றரி போல இருக்காது. ஒருமுறை வெறுமையாக்கினால் அடுத்த அளவுக்கு முதல் ஒரு முழு இரவு சார்ஜாக விடுங்கோ.

தூய கணக்கும் பார்த்துக்கொள்ளலாம். 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி என்றால் பெயருக்கு 84 வாட்-மணி. ஆனால் அந்த 7 என்பது 20 மணிநேரம் மெல்ல இழுத்தால் வருகிற அளவு. வெளியே 100 வாட் என்றால் இன்வேட்டர் இழப்போடு பற்றரியிலிருந்து 10 ஆம்பியர் அளவில் போகும். அந்த வேகத்தில் பாதியளவுதான் கிடைக்கும், புதுப் பற்றரிக்கு 20 நிமிடம் அளவில். ஒரு மணிநேரம் எதிர்பார்க்கக்கூடாது.

டேட்டா ஸ்டேல் பற்றி: மேலே காட்டின வரி கடைசி முடிவுக் குறியோடு 47 எழுத்து. சைப்ரஸ் சிப் ஒரு தடவைக்கு 8 பைட் மட்டும் தரும், ஆறு தடவை வாசித்தால்தான் வரி முழுசு. ஆறில் ஒன்று தவறினாலும் டிரைவர் அந்தப் பதிலைத் தள்ளிவிடும். பல தடவை தொடர்ந்து தவறினால் ஸ்டேல். யுபிஎஸ்டி.கொன்ஃப் கோப்பில் மேக்ஸ்ஏஜ் (பெரிய எழுத்து) இயல்பாக 15 வினாடி, அதை 25 ஆக்குங்கோ. போல்இன்டர்வல் ஏற்கெனவே 5, அது போதும்.

ஆனால் எண்ணை மாற்றி மறைக்க முதல் டிமெஸ்ஜியில் அதே நேரத்து வரிகளைப் பாருங்கோ. "எரர் -71" அல்லது "-110" இருந்தால் கோளாறு கம்பியில், மென்பொருளில் இல்லை. முன்பக்க யுஎஸ்பி வாயில் போட்டிருந்தால் மதர்போட்டிலேயே இருக்கிற பின்பக்க வாய்க்கு மாற்றுங்கோ. யுபிஎஸ்ஸோடு வருகிற கேபிள்கள் சில மிக மெல்லிசு. இரண்டு மீற்றருக்குக் குறைவான, பெரைட் உருளை (மின் இரைச்சலைத் தடுக்கிற தடித்த உருளை) உள்ள பிரின்ரர் கேபிள் ஒன்று போதும். கரண்ட் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீங்கோ. யுபிஎஸ் ரிலே "டிக்" என்று மாறுகிற அதே கணத்தில் "யுஎஸ்பி டிஸ்கனெக்ட்" வருகிறதென்றால் இதுதான் காரணம்.


கடலோரம், பருத்தித்துறை:

சேர்வர் தானாக எழும்ப வேணும் என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. அதை ஒருத்தரும் இன்னும் தொடேல்லை. பெரும்பாலானவர்கள் பிழை விடுகிறதும் அங்கேதான், ஏனென்றால் அணைகிற பக்கத்தை மட்டும் சோதித்துப்போட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள்.

இப்படி யோசியுங்கோ. கரண்ட் போகுது. சேர்வர் ஷட்டவுன் தொடங்குது. பாதியில் கரண்ட் வருது. எங்கட பக்கம் இது சாதாரணம், இரண்டு நிமிடம் போய்த் திரும்ப வரும். ஷட்டவுன் நடுவில் நிற்காது, சேர்வர் முழுதாக அணைஞ்சுவிடும். யுபிஎஸ் வெளிக்கரண்டை ஒரு கணமும் நிறுத்தேல்லை. கொம்பியூட்டரின் பயோசில் "கரண்ட் திரும்பினால் எழும்பு" என்று வைத்திருந்தாலும், கரண்ட் போகவே இல்லையே, அது எதைக் கண்டு எழும்பும்? விடியமட்டும் அப்படியே கிடக்கும்.

அதனால் சேர்வர் அணைந்த பிறகு யுபிஎஸ்ஸும் தன் வெளிக்கரண்டைக் கட்டாயம் வெட்டி, பிறகு திரும்பக் கொடுக்கவேணும். நட்டில் அதுக்கு ஒழுங்கு இருக்குது. யுபிஎஸ்மொன்.கொன்ஃப் கோப்பில் பவர்டவுன்ஃபிளாக் /ஈடிசி/கில்பவர் என்ற வரி வேணும் (பவர்டவுன்ஃபிளாக் பெரிய எழுத்து). யுபிஎஸ் காரணமாக அணையும்போது அந்தக் கோப்பு உருவாகும். சிஸ்டம்டி (சேவைகளைத் தொடக்கி நிறுத்துகிற நிரல்) கடைசிக் கட்டத்தில் அதைக் கண்டால் யுபிஎஸ்ஸுக்கு வெட்டச் சொல்லிக் கட்டளை அனுப்பும். யுபிஎஸ்.கொன்ஃப் பகுதியில் இதைச் சேருங்கோ:

ஒஃப்டிலே = 60
ஒன்டிலே = 180

சொல்லி 60 வினாடியில் வெட்டும், கரண்ட் இருந்தால் 180 வினாடி கழித்துத் திரும்பக் கொடுக்கும். ஒஃப்டிலே ஒரு நிமிடத்துக்குக் கீழே என்றால் 6இன் மடங்காக, மேலே என்றால் 60இன் மடங்காகக் குறைக்கப்படும். ஒன்டிலேயும் வினாடிதான், ஆனால் எப்பவும் 60இன் மடங்காகக் குறைக்கப்படும். பயோசில் ஏசி பவர் லொஸ் என்று இருக்கிற இடத்தில் பவர் ஒன் தெரிவு செய்யுங்கோ. லாஸ்ட் ஸ்டேட் வேண்டாம், ஒழுங்காக அணைந்த இயந்திரத்துக்குக் கடைசி நிலை "அணைந்தது" என்றே இருக்கும்.

எப்போது அணைக்கிறது என்பதைப் பற்றரி சொல்லட்டும் என்று விடாதீங்கோ. 7 ஆம்பியர் மணிப் பற்றரிக்கு நேரம் வைக்கிறதுதான் பாதுகாப்பு. யுபிஎஸ்ஷெட்.கொன்ஃப் கோப்பில் பைப்எஃப்என், லொக்எஃப்என் இரண்டு வரியும் முதலில் வரவேணும். அதுக்குக் கீழே (ரைமரின் பெயரைத் தவிர இந்தச் சொற்கள் எல்லாம் பெரிய எழுத்து):

அட் ஒன்பட் * ஸ்டார்ட்-ரைமர் கரண்ட்போச்சு 180
அட் ஒன்லைன் * கான்சல்-ரைமர் கரண்ட்போச்சு

யுபிஎஸ்ஷெட்-சிஎம்டி என்ற சிறு ஸ்கிரிப்டில் அந்தப் பெயர் வந்தால் /எஸ்பின்/யுபிஎஸ்மொன் -சி எஃப்எஸ்டி (கட்டாய அணைப்பு) ஓடவேணும். ரைமரின் பெயரை நீங்கள் விரும்பினபடி ஆங்கில எழுத்தில் வையுங்கோ, இரண்டு கோப்பிலும் ஒன்றாக இருந்தால் சரி. இதெல்லாம் சரியாக எழுதியும் ஒன்றும் நடக்காத சம்பவம் அடிக்கடி வரும். காரணம் அநேகமாக இந்த இரண்டில் ஒன்று: யுபிஎஸ்மொன்.கொன்ஃப் கோப்பில் நோட்டிஃபைசிஎம்டி வரி யுபிஎஸ்ஷெட்டைச் சுட்டவேணும், ஒன்பட், ஒன்லைன் இரண்டுக்கும் நோட்டிஃபைஃபிளாக் வரியில் எக்செக் என்ற சொல் சேர்ந்திருக்கவேணும். சிஸ்லொக்+வோல் மட்டும் இருந்தால் செய்தி வரும், ஸ்கிரிப்ட் ஓடாது.

மூன்று நிமிடம் என்று சொல்கிறதுக்குக் காரணம் உண்டு. சிறு தடைகள் பலவும் அதுக்குள்ளே திரும்பிவிடும். திரும்பாவிட்டால் பற்றரியில் இன்னும் மிச்சம் இருக்கும்போதே சேர்வர் படுத்துவிடும். அந்த மிச்சம் அவசியம். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை நினையுங்கோ. ஒரு வெட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பற்றரி நிரம்பவே நேரமிருக்கவில்லை. இந்த அளவு யுபிஎஸ்ஸின் சார்ஜர் சிறியது, வெறுமையானதை நிரப்ப எட்டு, பத்து மணிநேரம் எடுக்கும். டிரைவரே சார்ஜ்ரைம் என்ற இடத்தில் இயல்பாக 43200 வினாடி, 12 மணிநேரம் என்றுதான் எடுத்துக்கொள்ளுது. இரண்டாவது வெட்டு வரும்போது ஒழுங்காக அணைய வேண்டிய இருப்பு பற்றரியில் இருக்கவேணும்.

சோதனை இரண்டு கட்டமாகச் செய்யுங்கோ. முதலில் பனங்கூடல் சொன்னபடி குமிழை யுபிஎஸ்ஸில், சேர்வரைச் சுவரில் வைத்து, யுபிஎஸ்ஸின் சொக்கற் சுவிச்சை அணையுங்கோ. பிளக்கை இழுக்க வேண்டாம். சுவிச்சில் அணைத்தால் ஏர்த் கம்பி தொடர்பில் இருக்கும், இழுத்தால் அதுவும் போய்விடும். 180 வினாடியில் சேர்வர் அணையத் தொடங்கவேணும். அது அணைந்து 60 வினாடியில் குமிழ் அணையவேணும். இப்போது சுவிச்சைப் போட்டால் சில நிமிடத்தில் குமிழ் எரியவேணும். இரண்டாவது தடவை, சேர்வர் அணையத் தொடங்கின உடனேயே சுவிச்சைத் திரும்பப் போடுங்கோ. அப்போதும் குமிழ் ஒருக்கால் அணைந்து எரிந்தால்தான் உங்கள் யுபிஎஸ் அந்த இடைவெளியைச் சரியாகக் கையாளுது. கரண்ட் இருக்கும்போது வெட்ட மறுக்கிற பலகைகளும் உண்டு. அப்படி என்றால் மதர்போட்டின் ஆர்டிசி (உள் மணிக்கூடு) அலாரத்தை நாளும் காலை 5 மணிக்கு எழும்ப வைத்துவிடுங்கோ, குறைந்தது வகுப்புக்கு முதல் எழும்பும். இந்த இரண்டாவது சோதனையைத் தவறவிடாதீங்கோ.


செம்மண்:

கடலோரம் அண்ணை சொன்னதோட ஒன்று. ரியூட்டரியில் கரண்ட் போனால் சிறு ஜெனரேற்றர் போடுகிறீர்களா? போட்டால் யுபிஎஸ் ஓஎல் (கரண்டில்), ஓபி (பற்றரியில்) என்று மாறி மாறி அடிக்கும். பெற்றோல் ஜெனரேற்றரில் மின்விசிறி ஏறி இறங்கும்போது அதிர்வெண் 50இலிருந்து விலகும், மலிவு யுபிஎஸ் அதைக் கரண்ட் இல்லை என்றே எடுக்கும். மேலே இருக்கிற ரைமர் ஒவ்வொரு ஓஎல்லுக்கும் ரத்தாகுது, ஆகவே மூன்று நிமிடம் ஒருபோதும் முடியாது, ஆனால் பற்றரி இறங்கிக்கொண்டே போகும். அதுக்காக யுபிஎஸ்.கொன்ஃப்பில் இக்னோர்எல்பி என்று தனிச் சொல்லாக ஒரு வரியும், ஓவர்ரைட்.பற்றரி.ரன்டைம்.லோ = 300 என்று ஒரு வரியும் வையுங்கோ. ரன்டைம்கால் அளந்து போட்டிருந்தால் மட்டும் இது பொருந்தும். மிச்சம் ஐந்து நிமிடம் என்று கணக்கு வந்தால் ரைமரைப் பார்க்காமல் அணையும்.


வடலி:

ஜெனரேற்றர் இருக்குது அண்ணா, 2 கிலோவாட். சுவிச் அடிக்கிற சத்தம் இப்பதான் விளங்குது.

குமிழ்ச் சோதனை செய்தாச்சு. முதலாவது சரி. இரண்டாவதில், சுவிச்சைத் திரும்பப் போட்ட பிறகும் குமிழ் அணைஞ்சு மூன்று நிமிடத்தில் எரிஞ்சுது. சேர்வரைத் திரும்ப யுபிஎஸ்ஸுக்கு மாத்தியும் ஒருக்கால் பார்த்தன், தானாக எழும்பிச்சுது. பெரைட் கேபிள் போட்டதிலிருந்து ஸ்டேல் வரேல்லை.

பற்றரிக்கு இரண்டு வருசமாகுது. 25 சதவீதச் சுமையில் 640 வினாடிதான் தாங்கினது. மாத்தவேணுமோ?


பனங்கூடல்:

640 என்றால் கிட்டத்தட்ட அரைவாசி போய்விட்டது. மூன்று நிமிட ரைமருக்குப் போதும், ஆனால் வெயில் காலத்துக்கு முதல் மாற்றுங்கோ. இந்தப் பற்றரிகளின் ஆயுள் 25 பாகைக்குக் கணித்தது. அதுக்குமேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகும் என்று எடுக்கிறது வழக்கம். தகரக் கூரைக்குக் கீழே, இரவில் யன்னல் பூட்டின அறை என்றாலும் நிலத்தோடு வைத்தால் ஓரளவு குளிர்ச்சி.

வாங்கும்போது பற்றரியின் மேலே அச்சடித்த தயாரிப்புத் திகதியைப் பாருங்கோ. கடை அலுமாரியில் ஆறு மாதத்துக்கு மேல் சார்ஜ் இல்லாமல் கிடந்தது வேண்டாம். மீற்றரைப் பிடித்தால் சுமை இல்லாமல் 12.6க்கு மேல் காட்டவேணும். முனைத் தகடு 4.8 மில்லிமீற்றரா 6.3 மில்லிமீற்றரா என்று பழையதில் அளந்துகொண்டு போங்கோ, 7 ஆம்பியர் மணியில் இரண்டு அளவும் விற்பனையில் இருக்குது. கழற்றும்போது பச்சைப் பூஞ்சணம் மாதிரித் தகட்டில் இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிசாகப் பெற்றோலியம் ஜெல்லி பூசிவிட்டு மாட்டுங்கோ. புதியதைப் போட்டு ஒரு இரவு சார்ஜான பிறகு ரன்டைம்கால் திரும்ப அளந்து எழுதுங்கோ. பழைய எண்ணோடு விட்டால் டிரைவர் புதுப் பற்றரியையும் கிழவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும்.